கேப்டன் பல்தொமேரோவின் முகம்

சிந்தா அந்தப் பூங்காவுக்குள் முப்பது வருடமாகக் காலெடுத்து வைக்கவில்லை. இத்தனைக்கும் அவள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பூங்கா. துணி காயப்போட மாடிக்கு ஏறினால் கப்பலின் பாய்மரம் முகத்துக்கு நேரே நிற்கும். ஏன் போவதில்லை என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். "உள்ள போனாலும் அந்த ஆளு மூஞ்சியத்தான பாக்கணும். வீட்ல பாக்குறது பத்தாதா?"

அந்த ஆள் அவள் புருஷன் பல்தொமேரோ. கப்பலின் மேல்தளத்தில், இடுப்பில் வாளும் தலையில் இறகு வைத்த தொப்பியுமாக நின்ற கேப்டன் லோப்பே பாரியெந்தோஸின் பொம்மைக்கு உடம்பு ஃபைபர். முகம் பல்தொமேரோவுடையது.

எங்கள் கர்ரிசால் ஊருக்கு இப்படி ஒரு பூங்கா வந்ததே வயிற்றெரிச்சலில்தான். ஆற்றுக்கு மேலே இருக்கிற பாலோஸ் ஊரிலிருந்து கொலம்பஸ் கப்பல் ஏறிப் போனான். ஐந்நூறாவது ஆண்டுக்கு அவர்கள் மூன்று கப்பல்கள் செய்து நிறுத்தி, ராஜாவை எல்லாம் வரவழைத்துவிட்டார்கள். எங்கள் மேயருக்குச் சோறு இறங்கவில்லை. நம்ம ஊர்க்காரன் ஒருத்தனாவது கடல் தாண்டிப் போயிருப்பான், தேடு என்று பள்ளிக்கூட வாத்தியாரைப் பழைய காகிதக் கட்டுகளுக்குள் இறக்கிவிட்டார். வாத்தியார் இருமிக்கொண்டே ஒருவனைப் பிடித்து வந்தார். அடுத்தவன் காசில், அடுத்தவன் கப்பலில் போய், ஏதோ ஒரு கரையை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, இரண்டு கிளியும் ஒரு காய்ச்சலுமாகத் திரும்பிய லோப்பே பாரியெந்தோஸ். அதில் ஒரு கிளி வழியிலேயே செத்துப்போயிற்று. மேயருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆற்றங்கரையில் சிமெண்டுத் தொட்டி கட்டி, அதில் ஒரு கப்பலை நிறுத்தினார்கள். அது மிதக்காது. மிதக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பக்கத்தில் மண்ணைக் கொட்டித் தீவு ஒன்று செய்தார்கள். தீவின் மக்களுக்கு, செவில்யா நகரத்தில் இழுத்து மூடிய துணிக்கடை ஒன்றிலிருந்து ஜன்னல் பொம்மைகளை மொத்தமாக வாங்கி வந்து பழுப்புச் சாயம் அடித்து ஓலைக் குடிசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். கோட்டு மாட்டுவதற்காகக் கையை மடக்கி நின்ற பொம்மைகள் அவை. அதனால் கேப்டனைக் கண்டதும் அந்தத் தீவே கோட்டு வாங்க வந்தது போல இருந்தது.

மாலுமிகளுக்கு மட்டும் அசல் முகம் வேண்டும் என்றார் செவில்யாவிலிருந்து வந்த சிற்பி. ஆள் தேட அவர் போனது மதுக்கடைக்கு. அன்று சாயங்காலம் அங்கே டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வரலாற்றுக்குள் நுழைந்தார்கள். மூக்குத் துவாரத்தில் குழல் செருகி, முகம் முழுக்க ஈரச் சுண்ணச் சாந்தைப் பூசினார் சிற்பி. அது இறுகும் வரை சிரிக்கக்கூடாது, பேசக்கூடாது. யாரால் முடியும்? ஒவ்வொருத்தனாகச் சிரித்துச் சாந்தை உடைத்தான். நிக்கனோர் போட்ட தும்மலில் வாய் ஒரு பக்கம் பிளந்துகொள்ள, அச்சு அப்படியே பதிந்துவிட்டது. சிற்பி அவனைக் கடல் ஒவ்வாமல் வாளிக்குள் வாந்தியெடுக்கும் மாலுமியாக்கி, வாயிலிருந்து தண்ணீர் பீச்சும்படி குழாய் வைத்தார்.

பல்தொமேரோ ஒருவர்தான் கல் மாதிரி கிடந்தார். சாந்து காய்ந்தது, உரித்தார்கள், அப்போதும் அசையவில்லை. "இதான் ஒரு தலைவனோட நிதானம்" என்று சிற்பி சொன்னாராம். உண்மையில் பல்தொமேரோ தூங்கிப்போயிருந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்ட சிந்தா சொன்னாள்: "அசையாம கெடக்குறதுல என் வீட்டுக்காரர அடிச்சிக்க ஆளே கெடையாது. அதுக்குப் பதவி குடுப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே எழுதிப் போட்டிருப்பேன்."

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. பல்தொமேரோ அதுவரை சமையல் கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கி மாடி மாடியாக ஏற்றிக்கொடுக்கிற வேலை பார்த்தவர். பூங்கா திறந்த மறுமாதமே தோள் வலிக்கிறது என்றார். அடுத்த மாதம், தெருவில் வருகிறவர் போகிறவர் பார்க்க ஒரு கேப்டன் சிலிண்டர் தூக்குவது ஊருக்கே அவமானம் என்றார். பொம்மைக்கு இருந்த மாதிரியே கூர்தாடி வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கப்பலில் ஏறிப் பொம்மைக்குப் பக்கத்தில் அதே மாதிரி நின்றுகொள்வார். வருகிறவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள், படம் எடுப்பார்கள். அவ்வளவுதான், தலைக்கேறிவிட்டது.

முதலில் "கேப்டன் கரையைப் பாத்தாரு" என்றுதான் கதை சொன்னார். சில வருடத்தில் அது "நாங்க கரையைப் பாத்தோம்" என்று ஆயிற்று. நாங்க புயலைத் தாண்டினோம், நாங்க தண்ணியில்லாம தவிச்சோம். தக்காளி கிலோ என்ன விலை என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கிளி செத்த இடம் தெரியும்.

"யோவ், புந்தா உம்பிரியாவுக்குப் படகுல போறப்ப பாதி ஆத்துலயே பைக்குள்ள வாந்தியெடுத்த ஆளு நீ. அது நெனவிருக்கா?" என்பாள் சிந்தா.

"அது படகுடி. சின்னது. எனக்குப் பெரிய கப்பல்தான் ஒத்துக்கும்."

"அதான் சிமெண்டுல ஒட்டி வச்சிருக்கற கப்பலாப் பாத்து ஏறியிருக்க."

பல்தொமேரோ கோபப்படமாட்டார். அதுதான் சிந்தாவுக்கு இன்னும் எரிச்சல். ஆற்றைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொள்வார், இவள் அந்தக் கரையில் கையை மடக்கி நிற்கிற ஜனங்களில் ஒருத்தி என்பது போல. அவர் அங்கே கடல் தாண்டிக்கொண்டிருக்க, சிந்தா கூட்டுறவுக் கிடங்கில் நின்றபடியே ஸ்ட்ராபெரிப் பழங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பு போயிற்று, முழங்கால் போயிற்று. வீட்டில் அடுப்பெரிந்தது அந்தப் பழத்தால்தான். கிடங்குப் பெண்களுக்குப் பொழுது போகாதபோதெல்லாம், "சிந்தா, உங்க கேப்டன் எந்தக் கடல்ல இருக்காரு?" என்று கேட்பார்கள். "கட்டில்ல இருக்காரு" என்பாள். கிடங்கே சிரிக்கும்.

போன ஜனவரியில் பல்தொமேரோவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. முகத்தில் வலது பாதி உருகிய மெழுகாகத் தொங்கிப்போயிற்று. கண் இமை இறங்கி, உதட்டோரம் எச்சில் நிற்காமல் வழிந்தது. பேசினால் சிந்தாவைத் தவிர யாருக்கும் புரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கூடத்துக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். பார்க்க வந்தவர்களை எல்லாம் தூங்குகிற பாவனையில் திருப்பி அனுப்பினார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. அந்த வீட்டில் முதல் முறையாக யாரும் எந்தக் கரையையும் பார்க்கவில்லை. சிந்தாவுக்கு அந்த நிசப்தம் தாங்கவில்லை.

வசந்தம் முழுக்க அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கப்பலுக்கு... கூட்டிட்டுப் போ."

"அங்க எதுக்கு இப்ப? உன்னைப் பாக்காம கப்பல் கெளம்பாதாக்கும்."

"என் மொகத்தப் பாக்கணும்" என்றார்.

சிந்தா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணாடியைத் திருப்பி வைத்த மனுஷன் எந்த முகத்தைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பூங்காவில் மராமத்து வேலை, ஆகஸ்டில்தான் திறப்பார்கள், திறந்ததும் போகலாம் என்றாள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கஞ்சியும் குடித்தார், பயிற்சி கொடுக்க வந்த ஆஸ்பத்திரிப் பெண் சொன்னபடி கையையும் அசைத்தார். ஆகஸ்டு, ஆகஸ்டு என்று விரல் மடக்கினார்.

ஜூலைக் கடைசியில் நிக்கனோர் வாசலில் வந்து நின்றான். சிந்தாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். வாளி மாலுமியானதிலிருந்து பல்தொமேரோவைக் கண்டால் அவனுக்கு ஆகாது. அவன் முகத்தில் அன்றைக்குத் திருவிழாக் களை.

"சேதி தெரியுமா சிந்தா? புதுசா மாட்ரிட்லேருந்து ஒரு டைரக்டரம்மா வந்திருக்கு. பொம்மையெல்லாம் தூக்கிக் கடாசிட்டாங்க. உன் வீட்டுக்காரனையும்தான். நான் ஒருத்தன்தான் பாக்கி. வாளிக்குள்ள தண்ணியப் பீச்சுறேன்ல, கொழந்தைங்களுக்கு அது இல்லாம முடியாதாம். இப்ப அந்தக் கப்பல்ல நான்தான்டி மூத்தவன்."

"மெதுவாப் பேசு. உள்ள முழிச்சிட்டிருக்காரு."

"அட, அவனுக்கு இன்னும் தெரியாதா?" நிக்கனோரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. "நான் சொல்லலப்பா" என்றான் முணுமுணுப்பாக. பிறகு, சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிட்ட ஆளுக்கே உரிய வேகத்தோடு போய்விட்டான்.

மறுநாள் சிந்தா முப்பது வருட வைராக்கியத்தை விட்டுப் பூங்காவுக்குள் போனாள். கையில் ஒரு தட்டு நிறையப் பொரித்த கணவாய். எங்கள் ஊரில் எந்த அதிகாரியையும் கணவாயால் மடக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. டைரக்டர் மைத்தே சைவம். அது தெரிந்ததும் சிந்தா தட்டை மேசை மேல் வைக்கவும் இல்லை, திரும்ப எடுத்துப் போகவும் இல்லை, பேசி முடிக்கும் வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் புதுப் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. முன்பு 'கண்டுபிடிப்பு' என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது 'சந்திப்பு' என்று இருந்தது.

"சந்திச்சாங்களா? வாளோட போயா?" என்றாள் சிந்தா.

"அதப் பத்தி யோசிக்க வைக்கத்தான்மா" என்றாள் மைத்தே மரியாதையாக.

சிந்தா வந்த காரியத்தைச் சொன்னாள். திறப்பு நாள் ஒரு நாள் மட்டும், கேப்டன் தலையைப் பழைய இடத்தில் வைக்கவேண்டும். மறுநாள் கழற்றி ஆற்றில் போட்டாலும் அவளுக்கு ஆட்சேபணை இல்லை.

மைத்தே உதட்டைக் கடித்தாள். "பாரியெந்தோஸ் எப்படி இருந்தாருன்னு யாருக்குமே தெரியாதும்மா. தெரியாத ஒருத்தருக்கு ஒரு முகத்த வச்சு, அவர் பெரிய வீரர்னு சனங்கள நம்ப வைக்கிறது பொய்யில்லையா? அவரு அங்க போயி நின்னதுல பெருமைப்பட எதுவும் இல்ல. உங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கெழமை சொன்ன கதைகளையும் ஊர்ல சொல்லிக் கேட்டேன். எல்லாம் கற்பனை."

ஒரு சொல் தவறில்லை. இதையே சிந்தா கிடங்கிலும் சந்தையிலும் மாடியிலும் வாய் கிழியச் சொல்லியிருக்கிறாள். ஆனால் இந்தச் சின்னப் பெண் வாயால் கேட்டபோது உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கே அது வெட்கமாக இருந்தது. கேட்காமல் விடவும் முடியவில்லை.

"அந்த ஆளப் பொய்யன்னு நான் சொல்லலாம். முப்பது வருசம் கஞ்சி ஊத்தியிருக்கேன். நீ யாரும்மா? நேத்து ரயில்ல வந்து எறங்கின."

மைத்தேவுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பின்பக்கக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். உடம்புகள் ஒரு பக்கம் அடுக்கிக் கிடந்தன, கோட்டுக்குக் கை மடக்கிய தீவு ஜனங்களுக்குக் கீழே மாலுமிகள். தலைகளைத் தனியாகக் கழற்றிப் பழப் பெட்டியில் போட்டிருந்தார்கள். சிந்தாவின் கூட்டுறவுப் பெட்டிதான். மேலாகக் கிடந்தது பல்தொமேரோ.

நாற்பது வயது. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்த ஒரு வாய். என்ன ஒரு திமிர் அந்த மூக்கில் என்று நினைத்தாள் சிந்தா. அதன் தாடியில் ஒட்டியிருந்த நூலாம்படையைச் சட்டைக் கையால் துடைத்தாள்.

"எடுத்துட்டுப் போறீங்களாம்மா? உங்களுக்குக் குடுக்கறேன். யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க."

கை நீண்டது. பிறகு நின்றது. இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் அந்த மனுஷன் என்ன செய்வார்? இந்த முகத்தைத் தொட்டுப் பார்ப்பார், பிறகு தன் முகத்தைத் தொட்டுப் பார்ப்பார். அவ்வளவுதான்.

"வேணாம்" என்றாள். "இத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? இது சாப்பிடவா போகுது?"

அப்போது அழுதுவிட்டாள். கணவாய்த் தட்டைப் பிடித்தபடியே நின்று அழுதாள். மைத்தே என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை வாங்கிக்கொண்டாள்.

திறப்பு நாள் வரைக்கும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயெடுத்தாள் சிந்தா. கல்யாணமான நாளிலிருந்து எதையும் பல்லுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், இந்த ஒன்றை மட்டும் சொல்ல முடியாமல் விழுங்கினாள். வெயில் ஜாஸ்தி, கூட்டம் ஜாஸ்தி, அடுத்த வாரம் போகலாம் என்று இழுத்துப் பார்த்தாள். அன்று காலையில் பல்தொமேரோ ஒரு வாய் கஞ்சியும் வாங்கவில்லை. உதட்டை மூடிக்கொண்டார். சரி, போய்த் தொலையலாம் என்று வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, தாடியைக் கூராகக் கத்தரித்து, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். தெரு நெடுக அவர் இடது கையால் முகத்தின் விழுந்த பாதியை மூடியே வைத்திருந்தார். வணக்கம் சொன்னவர்களுக்குத் தலையைக்கூட அசைக்கவில்லை.

கப்பலுக்குச் சாய்தளம் புதிதாகப் போட்டிருந்தார்கள். மூச்சு வாங்க ஏற்றினாள். மேல்தளத்தில் முதலில் கண்ணில் பட்டது வாளி மாலுமி. பக்கத்திலேயே கல்யாணச் சூட்டைப் போட்டுக்கொண்டு நிக்கனோர் நின்றான், மூத்தவனாயிற்றே. பல்தொமேரோவைக் கண்டதும் சொல்லத் தயாராக வைத்திருந்ததை வாய்க்குள்ளேயே மடித்துக்கொண்டான்.

கேப்டன் நின்ற இடத்தில் துருப்பிடித்த இரும்புத் தகடு ஒன்று நின்றது. ஆள் உயரத்தில் வெட்டிய உருவம். தொப்பி உண்டு, வாள் உண்டு. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. ஓட்டை வழியாக ஆறு தெரிந்தது. முகம் தெரியாதவனுக்கு முகம் வைக்கமாட்டோம் என்று மைத்தே யோசித்துச் செய்தது அது. ஆனால் சனம் என்ன கண்டது? சந்தையில் படம் பிடிக்க வைக்கிற பலகை மாதிரி, வரிசையில் நின்று ஆளாளுக்குப் பின்னாலிருந்து தலையை ஓட்டையில் நுழைத்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மைத்தே ஓரத்தில் நின்று, தயவுசெய்து, தயவுசெய்து என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

சிந்தா நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டாள். பல்தொமேரோ பார்த்தார். தொப்பியைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், ஓட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"அவனுக்குமா?" என்றார்.

சிந்தா குனிந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "ஆமா. அவனுக்கும் போயிடுச்சு" என்றாள்.

ஒரு தடியன் ஓட்டையில் தலையை நுழைத்துக் கண்ணை உருட்டினான். அவன் கூட்டாளிகள் கைதட்டினார்கள். பல்தொமேரோ நாற்காலியில் முன்னால் சரிந்தார்.

"தூக்கு" என்றார்.

"வெயில்ல மூளையும் கலங்கிடுச்சா? பேசாம உக்காரு."

"தூக்குடி."

சிந்தா சுற்றுமுற்றும் பார்த்தாள். நிக்கனோருக்கு அவர் சொன்னது புரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சூட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். "யாரும் கேக்காதீங்க, வரிசையெல்லாம் எங்களுக்குக் கெடையாது" என்று முன்னால் நின்றவர்களை விலக்கினான். இருவருமாக நாற்காலியைத் தகட்டுக்குப் பின்னால் தள்ளினார்கள். ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அந்தக் கனத்தில் சிந்தாவின் இடுப்பு கத்தியது. பல்தொமேரோ இடது கையை முகத்திலிருந்து எடுத்துத் தகட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முகத்தை ஓட்டையில் வைத்தார்.

பின்னாலிருந்து சிந்தாவுக்குத் தெரிந்தது அவர் பிடரிதான். அவளால் பார்க்க முடிந்தது எதிரே நின்றவர்களின் முகங்களை. சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. யாரோ கைப்பேசியைக் கீழே இறக்கினார்கள். அப்பன் தோளில் இருந்த ஒரு சின்னப் பெண் மட்டும் எல்லாருக்கும் கேட்கும்படி, "இந்த ஆளு வாய் ஏன் கோணலா இருக்கு?" என்று கேட்டது. அப்பன் அதன் காலைக் கிள்ளினான்.

சிந்தா தகட்டின் ஓரமாகத் தலையை நீட்டினாள்.

"கடல் காத்துல மாசக்கணக்கா நின்னு பாரு, உனக்கும் கோணும்" என்றாள். "புயல்ல சுக்கானப் பிடிச்சவரு இவரு. கரையை மொதல்ல பாத்தவரு. என்னய்யா முழிக்கிற, படத்த எடு."

அப்பன் அவசரமாகக் கைப்பேசியை உயர்த்தினான். நிக்கனோர் மூச்சு வாங்கியபடி, "சிந்தா, போதும், கை விட்டுப் போவுது" என்றான்.

"இன்னும் ஒண்ணு எடுக்கட்டும்" என்றாள் சிந்தா, அவரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.